அரைமாடியைச் சேர்த்தால் மூன்று

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில், செமுனில் டான்யூப் ஆற்றோரத் தெருவில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோனது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் டிஹோமிர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓடவைத்துவிட்டு, தன் கட்டடத்து லிஃப்டை மட்டும் மூன்று வாரமாக நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டவன். அது இன்றைக்குப் பார்த்துப் பழிவாங்கியது.

இன்று புனித நிக்கோலாஸின் நாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவர் நாளில் வீட்டில் ஸ்லாவா என்னும் விருந்து உண்டு. நாட்டில் பாதிக் குடும்பங்கள் நிக்கோலாஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடத்தில் மட்டும் ஐந்து வீடுகள். ஐந்து வீட்டுக் கதவுகளும் விடிந்ததிலிருந்து சுவரோடு சாய்த்துத் திறந்து கிடந்தன. படிக்கட்டு முழுக்க மீன் வறுக்கும் வாசனை.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் மூச்சு வாங்கிட்டு வர்றாங்க. கண்கொள்ளாக் காட்சி" என்றாள் அவன் மனைவி ஸ்மில்யா, கெண்டை மீனைத் திருப்பிப் போட்டபடி.

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற டிஹோமிர் இன்று வாயைத் திறக்காததால், ஸ்மில்யா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

அன்று அவனுக்குப் பெரிய நாள். ஸ்மில்யாவின் அப்பா ஒப்ராடுக்கு எழுபத்தெட்டு வயது. ஆண்பிள்ளை கிடையாது. அதனால் குடும்பத்து ஸ்லாவாவை இந்த வருடத்திலிருந்து மருமகன் கையில் ஒப்படைப்பது என்று முடிவு செய்திருந்தார். பாதிரியார் காலையிலேயே வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டுப் போயிருந்தார். இனி அந்த வட்ட ரொட்டியை நாலு கைகள் பிடித்துச் சுற்றிப் பிட்டுவிட்டால் டிஹோமிர்தான் வீட்டுத் தலைவன். அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் காலை காபியின்போது மாமனார் ஒரு செய்தியைப் போட்டார். நேற்று ராத்திரி வுகோட்டா போன் செய்தானாம். இன்றைக்கு வருகிறானாம். ரொட்டியை அவன் வந்த பிறகுதான் சுற்ற வேண்டுமாம்.

"இருபத்தொம்பது வருஷம் கழிச்சு வர்றான்டா உங்க சித்தப்பா" என்று மருமகனின் முதுகில் தட்டினார் ஒப்ராட்.

டிஹோமிர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். ஏனென்றால் வுகோட்டா அவனுடைய சித்தப்பா இல்லை. வுகோட்டாவை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்த வம்பு இருபத்து நாலு வருடத்துக்கு முந்தையது. அப்போது டிஹோமிர் ஒரு பம்பு தொழிற்சாலையில் வரைபடம் போடும் இளைஞன். தொழிற்சாலையிலிருந்து ஒருவரை மூன்று வருடம் ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. போட்டியில் இரண்டே பேர், டிஹோமிரும் ரான்கோவும். ஒருநாள் இயக்குநர் பர்வோஸ்லாவ் நடைவழியில் டிஹோமிரை நிறுத்தி, பத்தொன்பதாம் தேதி தன் வீட்டில் ஸ்லாவா என்றும், வீடு இன்ன தெருவில் இன்ன கட்டடத்தில் மூன்றாவது மாடி என்றும் சொன்னார். ஸ்லாவாவுக்கு யாரையும் வா என்று அழைக்கக் கூடாது. வீடு எங்கே என்று சொன்னால் போதும், அதுதான் அழைப்பு. டிஹோமிர் அன்றைக்கே மனதுக்குள் ஜெர்மனிக்குப் பெட்டி கட்டிவிட்டான்.

புது டை கட்டி, ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் கால் கிலோ காபித்தூளும் வாங்கிக்கொண்டு வந்தான். அன்றும் லிஃப்ட் ஓடவில்லை. படியேறினான்.

இந்தக் கட்டடத்தில் ஒரு சள்ளை உண்டு. தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே, குனிந்து போக வேண்டிய ஓர் அரைமாடி. குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அதையும் ஒரு மாடியாக எண்ணுவார்கள். மீதிப் பேர் அது வெறும் கிடங்கு, கணக்கில் வராது என்பார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் நாற்பது வருடமாக இதற்கு முடிவு கிடையாது. இயக்குநர் எண்ணாத கட்சி. டிஹோமிருக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினான். மூன்று என்று வந்த இடத்தில் கதவு திறந்திருந்தது. உள்ளே கூட்டம், புகை, சிரிப்பு, சுவரில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புனித நிக்கோலாஸ். இனி என்ன சந்தேகம். உள்ளே போனான்.

வாசலில் ஒரு பெண் வெந்த கோதுமைத் தட்டை நீட்டினாள். சர்க்கரையும் வால்நட்டும் போட்டு இடித்தது. ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். அந்தப் பெண்தான் ஸ்மில்யா. இயக்குநர் உள்ளறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். மீன் சூப் வந்தது. பிறகு அவித்துச் சுட்ட மொச்சை, பிறகு கெண்டை. ஸ்லாவாவுக்கு வந்தவனை யார் என்று கேட்பது மகா மரியாதைக் குறைவு. ஸ்மில்யா, அப்பா வேலை செய்யும் இடத்து ஆள் என்று நினைத்தாள். அவள் அம்மா எதுவும் நினைக்கவில்லை. ஆள் ஒல்லியாக இருந்ததால் இன்னொரு துண்டு வைத்தாள்.

இரண்டாவது தட்டு முடியும்போதுதான் டிஹோமிருக்கு உறைத்தது. சுவரில் இருந்த போட்டோக்களில் ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்றால் அந்தப் பெண் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள், நிரப்பும்போது சிரித்தும் தொலைத்தாள். கால் நகரவில்லை.

அப்போதுதான் ஒப்ராடின் தங்கை குருனா வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். இந்தப் பையன் யார், யாரோடு வந்தான், முதலிலிருந்தே பார்க்கிறேன் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறானே என்றாள். மேசை முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றது. டிஹோமிரின் காது சிவந்தது. வீட்டுத் தலைவன் அன்றைக்கு விருந்து மேசையில் உட்காரக் கூடாது என்பதால் ஒப்ராட் ஒயின் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தார். அவர் நிதானமாகச் சொன்னார்: "இவனைத் தெரியலையா. நம்ம வுகோட்டாவோட அண்ணன் மகன். அப்படித்தானே தம்பி?"

வாய் நிறைய மொச்சை. டிஹோமிர் தலையாட்டினான்.

"சித்தப்பா சௌக்கியமா?"

அதற்கும் தலையாட்டினான். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு தலையாட்டல்.

ஜெர்மனிக்கு ரான்கோ போனான். தன் வீட்டு ஸ்லாவாவை மதிக்காத பயல் என்று இயக்குநர் டிஹோமிரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். டிஹோமிரோ, விட்டுவிட்டுப் போன குடையை எடுக்க என்று மறுவாரம் அதே வீட்டுக்குப் போனான். அந்தக் குடையை எடுத்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. முடித்தபோது கல்யாணமும் ஆகியிருந்தது. அடுத்த வருடம் தொழிற்சாலையை மூடினார்கள். ஒப்ராட் லிஃப்ட் மெக்கானிக். மருமகன் கையில் ஒரு சாமான் பையைக் கொடுத்து, வா என்றார். அன்றிலிருந்து டிஹோமிர் வாழ்க்கை ஏறுவதும் இறங்குவதும்தான்.

ஆனால் கல்யாணத்தன்று ஒப்ராட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பேசியது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒப்ராடும் வுகோட்டாவும் ஒரே பட்டாளத்தில், மேலும் கீழுமாக ஒரே அடுக்குக் கட்டிலில் பதினைந்து மாதம் இருந்தவர்கள். பிறகு ஒருநாள் டான்யூபில் மீன் பிடிக்கப் போய், ஒரு பெரிய கெளுத்தி யார் தூண்டிலில் விழுந்தது என்று சண்டை போட்டுப் பேச்சை விட்டவர்கள். 'வுகோட்டா தன் வீம்பை முழுங்கிட்டு, சொந்த ரத்தத்தையே என் மேசைக்கு அனுப்பி வெச்சான். அந்தப் பெரிய மனசுக்காகத்தான் என் பொண்ணைக் குடுக்கறேன்' என்றார் ஒப்ராட். ஊரே கைதட்டியது. டிஹோமிரின் அம்மாவும் கைதட்டினாள். அவளுக்குக் காது மந்தம், எது சொன்னாலும் சிரிப்பாள்.

அன்றிரவே டிஹோமிர் ஸ்மில்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே, அந்தச் சண்டை தீர்ந்ததை நினைத்துத்தான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றாள். குடும்பப் பெயர் கூட வேறாக இருக்கிறதே என்று ஒப்ராட் ஒருநாளும் கேட்டதில்லை. மாமனார் அப்பாவி என்று டிஹோமிர் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டான்.

அதோடு முடிந்ததா. ஒவ்வொரு ஸ்லாவா முடிந்ததும் ஒப்ராட் ஒரு பாட்டில் ராக்கியா சாராயத்தை அவன் கையில் திணிப்பார். "உங்க சித்தப்பாகிட்ட குடு. நான் குடுத்தேன்னு சொல்லு." அதைக் குடித்துத் தீர்க்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. முதல் வருடம் பேருந்து நிலையத்துக்குப் போய், வுகோட்டாவின் ஊரான கோலுபாட்ஸுக்குப் போகும் ஓட்டுநரிடம் கொடுத்தான். மேலே 'வுகோட்டா, படகுத்துறை, ஒப்ராட் அனுப்பியது' என்று எழுதினான். சின்ன ஊர், போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் இல்லை. இரண்டாவது வருடம் வெறும் பாட்டில் திரும்பி வந்தது, கழுவித் துடைத்து. மூன்றாவது வருடம் பாட்டிலோடு ஒரு ஜாடி பிளம் ஜாம். அதற்கப்புறம் வருடா வருடம் புகையில் வாட்டிய மீன். 'சித்தப்பா குடுத்தாரு' என்று டிஹோமிர் கொண்டுவந்து வைப்பான். ஒப்ராட் அதை யாருக்கும் பங்கு கொடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்பார்.

அந்த வுகோட்டாதான் இன்று வருகிறார். பதினோரு மணிப் பேருந்து.

மணி ஒன்றாகிவிட்டது. ஆளைக் காணோம். விருந்தாளிகள் சூப் முடித்து மொச்சைக்கு வந்துவிட்டார்கள். மூங்கில் கழி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த குருனா, இந்த வீட்டில் ரொட்டி சுற்றுவதற்குள் ஈஸ்டர் வந்துவிடும் என்றாள். ஒப்ராட் கோட்டும் டையுமாக வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சத்தம் மேலே போய்விட்டால் மறுபடி உட்கார்ந்தார்.

வரவில்லை, தப்பித்தோம் என்று டிஹோமிர் முதலில் நினைத்தான். நினைத்ததற்கு அடுத்த நிமிடமே வெட்கப்பட்டான். கிழவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தான். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு அவன் பார்த்ததில்லை.

"மாமா, வீடு தெரியுமா அவருக்கு? என்ன சொன்னீங்க?"

"மூணாவது மாடின்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

டிஹோமிர் அப்படியே நின்றான். ஒப்ராட் அரைமாடியை எண்ணும் கட்சி. கோலுபாட்ஸிலிருந்து வருகிற கிழவர், குனிந்து போகிற கிடங்கை மாடி என்று எண்ணுவாரா? எண்ணமாட்டார். அவர் கணக்கில் மூன்றாவது மாடி என்பது ஒரு மாடி மேலே. அங்கேயும் கதவு திறந்திருக்கும். அங்கேயும் சுவரில் நிக்கோலாஸ். அங்கேயும் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆள் போய்ச் சேர்ந்த இடம் இயக்குநர் பர்வோஸ்லாவின் வீடு.

கோலுபாட்ஸுக்குத் திரும்பும் பேருந்து நாலு மணிக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வுகோட்டா மேலே சாப்பிட்டுவிட்டு, ஒப்ராடைக் காணோமே என்று திட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். இருபத்து நாலு வருடப் பொய் அப்படியே பத்திரமாக இருக்கும். ரொட்டியும் அவன் கைக்கு வந்துவிடும். டிஹோமிர் இதையெல்லாம் ஒரு தரம் முழுசாக யோசித்தான், மறைப்பானேன். அப்போது படியில் இன்னொரு காலடி கேட்டது. ஒப்ராட் எழுந்தார். அது நாலாவது வீட்டுப் பெண். ஒப்ராட் உட்கார்ந்தார்.

ஸ்மில்யா சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிஹோமிர் அவளைப் பார்த்தான். விரலால் கூரையைக் காட்டினான். அவளுக்கு ஒரு கணத்தில் புரிந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டி, போ என்றாள்.

போனான். இருபத்து நாலு வருடத்துக்கு முன் ஏறாமல் விட்ட அந்தப் பதினெட்டுப் படிகளையும் ஏறினான். இத்தனை வருடத்தில் அந்த மாடிக்கு லிஃப்ட் பார்க்கத்தான் போயிருக்கிறான், கதவைத் தாண்டியதில்லை. வாசலில் இயக்குநரின் மனைவி கோதுமைத் தட்டை நீட்டினாள். ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான்.

மேசையின் நடுவில், கழுத்தில் துண்டு செருகிக்கொண்டு, சிவந்த முகமும் வெள்ளை மீசையுமாக ஒரு கிழவர் கெண்டையின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தூண்டில் முள் கட்டுவது எப்படி என்று விளக்கிக்கொண்டும் இருந்தார். ஒயின் கூஜாவோடு நின்ற பர்வோஸ்லாவ் டிஹோமிரைப் பார்த்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் பார்வை இயக்குநரின் பார்வைதான்.

"கொஞ்சம் லேட்டு" என்றார்.

டிஹோமிருக்கு ஒருவேளை அந்த வாசலைத் தாண்டியதால் தைரியம் வந்திருக்கலாம். அன்றைக்கு இந்த வீட்டை மதிக்காமல் போகவில்லை என்றும், அரைமாடியை எண்ணிவிட்டதால் கீழே நின்றுவிட்டேன் என்றும் நாலு வரியில் சொன்னான். அப்படியே, அன்று வந்திருந்தால் ஜெர்மனி தனக்குத்தானே என்றும் கேட்டுவிட்டான். இத்தனை வருடமாக, கோடையில் ரான்கோ பெரிய காரில் வந்து இறங்கும்போதெல்லாம், அவனுக்குள் புரண்டு படுத்த கேள்வி அது.

பர்வோஸ்லாவ் கூஜாவைக் கீழே வைத்தார். "ஜெர்மனியா? அது அதுக்கு முந்தின வாரமே ரான்கோன்னு முடிவாயிடுச்சேப்பா. அவனுக்குத்தான் பாஷை தெரியும். நீ மனசு ஒடைஞ்சு போவியேன்னுதான் உன்கிட்ட வீட்டைச் சொன்னேன். நல்ல மீன் சாப்பிட்டாவது போகட்டும்னு." கொஞ்சம் நிறுத்தி, "நீ வரலைன்னதும் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

டிஹோமிருக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத ஒரு ஊருக்குப் போகாமல் போனதை நினைத்து இத்தனை வருடம் பெருமூச்சு விட்டிருக்கிறான். உடம்பே லேசானது போல இருந்தது. இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினான், அடுத்த வருடமும் வருவேன் என்றான். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வராமல் இருக்க முடியாது, அதுதான் வழக்கம்.

பிறகு கிழவரிடம் குனிந்து, ஒப்ராட் வீடு ஒரு மாடி கீழே என்று காதில் சொன்னான். வுகோட்டா மீன் தலையைப் பார்த்தார், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார்.

"அதான் பார்த்தேன். ஒப்ராட் வீட்ல இவ்வளவு நல்லா சமைக்க மாட்டாங்களேன்னு. அவன் வெளியில போயிருக்கான், வந்துடுவான்னு நெனச்சேன்." எழுந்து, வீட்டுத் தலைவருக்கு வாழ்த்துச் சொல்லி, துண்டை உருவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

படியிறங்கும்போது டிஹோமிர் நடுப்படியில் நின்றான். இனி கீழே ஒரு வாசல்தான் பாக்கி. தான் யார், மொச்சை மென்றுகொண்டே எப்படித் தலையாட்டினான், பாட்டில்களைப் பேருந்தில் ஏற்றியது யார், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். உங்கள் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். ஐம்பத்தோரு வயது ஆள், படிக்கட்டில் நின்று கிட்டத்தட்ட அழுதான்.

வுகோட்டா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு ஏதுப்பா அண்ணன்? எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள."

"தெரியலை எனக்கு."

"உனக்குத் தெரியாது. ஒப்ராடுக்குத் தெரியும். பதினஞ்சு மாசம் எங்கம்மா எழுதுன கடுதாசியை எல்லாம் எனக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சவன் அவன்." வுகோட்டா மீசையைத் துடைத்தார். "அவன் தங்கச்சி இருக்காளே, குருனா. அவ எதாவது வாயை விட்டிருப்பா?"

டிஹோமிருக்கு மேசையில் கரண்டிச் சத்தம் நின்ற அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. கூஜாவோடு நின்ற ஒப்ராடின் நிதானமான குரலும் வந்தது. சாப்பிட வந்த ஒருத்தன் தலைகுனியக் கூடாது என்று, கைக்கு அகப்பட்ட ஒரு பேரை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டார். அந்தப் பேர், அவர் பேச நினைத்துப் பேச முடியாமல் இருந்த சிநேகிதனின் பேராக இருந்தது. குடும்பப் பெயரை ஏன் கேட்கவில்லை என்பதும், பாட்டில்களை ஏன் அவன் கையிலேயே திணித்தார் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அப்பாவி மாமனாராம்.

"வா, பசிக்குது" என்றார் வுகோட்டா, இப்போதுதான் ஒரு முழுக் கெண்டையைத் தின்றவர்.

வாசலில் ஒப்ராட் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டிக்கொண்டார்கள், மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டார்கள். கெளுத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்மில்யா கோதுமைத் தட்டோடு நின்றவள், தட்டை நீட்ட மறந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஒப்ராட் மேசையிலிருந்து ரொட்டியை எடுத்தார். ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை டிஹோமிரின் கையில் கொடுத்தார். வுகோட்டாவையும் ஒரு கை வைக்கச் சொன்னார். குருனா கூட வாயை மூடிக்கொண்டாள்.

டிஹோமிர் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். "மாமா, நான்" என்று தொடங்கினான்.

ஒப்ராட் அவனைப் பார்க்கவே இல்லை. வுகோட்டாவிடம் திரும்பி, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் சொன்னார்: "உங்க அண்ணன் மகனைப் பாரு. இந்த வயசுலயே மண்டை வழுக்கை விழுந்துடுச்சு."

வுகோட்டா டிஹோமிரின் தலையைக் கவனமாகப் பார்த்தார்.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான்" என்றார்.

மூன்று பேருமாக ரொட்டியைச் சுற்றினார்கள்.